நேற்றைக்குப் பாதி விலை

நேற்றைய டிக்கெட் பாதி விலைதான் என்று செங்கமலம் டீச்சர் சொன்னதால், நாச்சியார் நேற்றைக்கே மாநகரத்துக்குப் போய்வருவதென்று தீர்மானித்தாள்.

நாச்சியாருக்குக் கோவில்பட்டியில் பால்வாடி டீச்சர் வேலை. வயது நாற்பத்தெட்டு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா கட்டிய இரண்டு அறை வீட்டில் அவள் ஒருத்திதான் இருந்தாள். உடன்பிறந்தவள் என்று ஒரே ஒரு தங்கை, இசக்கி. அவள் வாழ்க்கைப்பட்டு மாநகரத்துக்குப் போய்ப் பதினோரு வருஷம் ஆகியிருந்தது.

ஆரம்பத்தில் இசக்கி வா வா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். மாநகரத்தில் மூச்சு விட்டாலும் காசு என்று நாச்சியார் தட்டிக்கழித்தாள். இசக்கிக்குப் பெண்குழந்தை பிறந்தது. நாச்சியார் போகவில்லை. நாலாம் மாதம் இசக்கியின் புருஷன் பூல்பாண்டி மாரடைப்பில் போய்விட்டான். பெரிய கட்டடம் ஒன்றில் லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தவன். அதற்கும் நாச்சியார் போகவில்லை. "டிக்கெட்டு வெல ஏறிக் கெடக்கு இசக்கி" என்று போனில் சொன்னாள்.

அதன் பிறகு இசக்கி கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். மாதம் ஒரு தடவை போன் பேசுவார்கள். ஊரில் மழை பெய்ததா என்று இசக்கி கேட்பாள். பெய்தது என்றோ பெய்யவில்லை என்றோ நாச்சியார் சொல்வாள். ஒன்பது வருஷம் இப்படியே போனது. போன மாதம் இசக்கி மழையைப் பற்றிக் கேட்கவில்லை. நாச்சியாருக்கு அது என்னவோ செய்தது.

"அன்னைக்கு நான் வராதது தப்புதான் இசக்கி." இந்த ஒரு வரியை நேரில் போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாள். பிள்ளைகள் போன பிறகு பால்வாடியின் குட்டி நாற்காலிகளைப் பார்த்து அதைச் சொல்லிப் பழகினாள். நன்றாகத்தான் வந்தது.

செங்கமலம் டீச்சர் பக்கத்துத் தெரு பால்வாடியில் இருப்பவள். மூன்று தடவை மாநகரம் போய் வந்தவள். சத்துமாவு உருண்டை பிடித்துக்கொண்டே யோசனைகள் சொன்னாள்.

"ஊரோட முன்பக்கத்தப் பாக்கணும்னு ஆசப்படாதீங்க. பின்பக்கம் பாக்க எல்லாருக்கும் இலவசம். நடந்தே போயிரலாம். இன்னொன்னு, இன்னைக்கு டிக்கெட்டு மட்டும் எடுத்துராதீங்க. இன்னைக்குத்தான் எல்லாரும் போவாங்க. நேத்து காலியாத்தான் கெடக்கும்."

நாச்சியாருக்கு அது நியாயமாகப் பட்டது.

காலையில் கடைத்தெருவில் தங்கை மகளுக்கு ஒரு பாவாடைத் துணியும் இரண்டு பாக்கெட் கடலைமிட்டாயும் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனாள். கவுண்டரில் இருந்தவர் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"எங்க?"

"மாநகரம். ஒன்னு."

"எந்த நாளு?"

"நேத்து."

அவர் பையை எட்டிப் பார்த்தார். "இது எப்ப வாங்குனது?"

"இப்பத்தான்."

"அப்ப பை இன்னைக்குத்தான் போய்ச் சேரும். நீங்க நேத்தே சேந்திருப்பீங்க. பரவால்லயா?"

"பாதி வெலதானே?"

"பாதி வெலதான். திரும்பி வாரதும் அதுலயே சேத்தி."

"பரவால்ல" என்றாள் நாச்சியார். மிச்சமான பாதியை நினைத்தபோது அவளுக்கு லேசாகச் சந்தோஷமாக இருந்தது. பின்னால் அந்தச் சந்தோஷத்தை நினைத்துத்தான் அவள் அதிகம் வெட்கப்பட்டாள்.

ரயிலில் அவளைத் தவிர யாரும் இல்லை. இருக்கைகள் எல்லாம் யாரோ உட்கார்ந்து எழுந்த மாதிரி அமுங்கியிருந்தன. ரயில் எங்கேயும் நிற்கவில்லை. நிற்க வேண்டிய இடங்களில் எல்லாம் நேற்றே நின்றுவிட்டது என்று டிக்கெட் பரிசோதகர் சொன்னார். டிக்கெட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"நல்லாத் தூங்குங்கம்மா. நீங்க போய்ச் சேந்தாச்சு."

காலை பத்து மணிக்கெல்லாம் மாநகரம் வந்துவிட்டது. ஸ்டேஷன் வாசலில் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று முன்பக்கத்துக்கு, கட்டணம் உண்டு. இன்னொன்று பின்பக்கத்துக்கு. நாச்சியார் பின்பக்க வரிசையில் சேர்ந்து நடந்தாள். இரண்டு பக்கமும் கட்டடங்களின் முதுகுகள். குழாய்கள், ஏசி பெட்டிகள், காயப்போட்ட துண்டுகள். தலைவர்களின் சிலைகள் முதுகைக் காட்டி நின்றன. எல்லாத் தலைவர்களும் பின்னால் ஒரே மாதிரி இருந்தார்கள். காலண்டரில் வருகிற பெரிய கோபுரத்தைப் பின்னாலிருந்து இரண்டு சவுக்குக் கட்டைகள் முட்டுக்கொடுத்துத் தாங்கிக்கொண்டிருந்தன.

முன்னால் நடந்த ஆள் திரும்பிக் கேட்டார். "முன்னாடி எப்படிங்க இருக்கும்?"

"தெரியலங்க."

"நான் ஏழு தடவ வந்துட்டேன். எனக்கும் தெரியல" என்றார் அவர். வருத்தமாகச் சொன்ன மாதிரி இல்லை.

பசித்தது. ஒரு மெஸ்ஸின் பின்கட்டில் பின்பக்கத்துக்காரர்களுக்கென்று பந்தி போட்டிருந்தார்கள். நாச்சியார் உட்கார்ந்தாள். பரிமாறுகிறவர் அவளுடைய டிக்கெட்டைப் பார்த்துவிட்டு இலை போடாமல் நின்றார்.

"நீங்க நேத்தே சாப்ட்டீங்களேம்மா."

"நானா?"

"இதே எடத்துலதான். ரசம் ரெண்டு தடவ கேட்டு வாங்குனீங்க. தங்கச்சி வீட்டுக்குப் போறேன், வெறும் வயித்தோட போனா அழுதுருவேன்னு சொன்னீங்க."

நாச்சியாருக்கு ஏப்பம் வந்தது. அதில் ரசத்தின் வாசனை இருந்தது.

"தண்ணி குடிச்சுக்கோங்க. தண்ணி இன்னைக்குள்ளது" என்றார் அவர்.

அவள் தண்ணீர் குடிக்கவில்லை. யாரிடமும் அழுதுவிடுவேன் என்று சொல்கிறவள் இல்லை அவள். நேற்று சாப்பிட்டிருந்தால், சாப்பிட்டுவிட்டு எங்கே போயிருப்பாள்? அதை நினைத்தவுடன் பையை எடுத்துக்கொண்டு வேகமாக நடந்தாள். கொஞ்ச தூரத்தில் ஓட ஆரம்பித்தாள். ஓடுவதற்குக் கட்டணம் உண்டா என்று வரிசையில் யாரோ கேட்டார்கள்.

இசக்கியின் வீடு மூன்றாம் மாடியில் இருந்தது. தாழ்வாரத்தில் கால் வைத்ததும் பதினாறாம் எண் கதவு தெரிந்தது. நடந்தாள். கதவு அதே தூரத்தில் இருந்தது. இன்னும் நடந்தாள். தாழ்வாரம் அவளுக்கு முன்னால் நீண்டுகொண்டே போனது. எதிர்வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த பெரியவர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பேரச் சொல்லிக் கூப்பிடுங்கம்மா. அப்பத்தான் நிக்கும்."

"ஏட்டி இசக்கி" என்று கூப்பிட்டாள் நாச்சியார். பதினோரு வருஷமாக அந்தப் பெயரைப் போனில்தான் சொல்லியிருந்தாள். சத்தமாகச் சொன்னது வித்தியாசமாக இருந்தது. தாழ்வாரம் நின்றது. கதவு மூக்குக்கு நேராக இருந்தது.

இசக்கி கதவைத் திறந்தாள். முன்நெற்றியில் நரை விழுந்திருந்தது. நன்றாகத் தூங்கி எழுந்த முகம்.

"என்னக்கா, எதையும் மறந்து வச்சிட்டுப் போயிட்டியா?"

நாச்சியார் வாசலிலேயே நின்றாள். "இப்பத்தாம்ட்டி வாரேன்."

"நேத்து வந்துட்டு சாயந்திரந்தானக்கா போன. நான்தான ஒன்ன ரயிலேத்தி விட்டேன்."

உள்ளே ஒரே அறைதான். ஓரத்தில் அடுப்பு. தரையில் தாய்க்கும் மகளுக்குமாக விரித்த பாய் சுருட்டாமல் கிடந்தது. பாயோரம் நேற்றுக் காப்பி குடித்துக் கழுவாத இரண்டு டம்ளர்கள். ஒன்றின் அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. கடைசி வாய்க் காப்பியை நாச்சியார் எப்போதும் மிச்சம் வைப்பாள்.

பையை நீட்டினாள். இசக்கி வாங்கிப் பிரித்துப் பார்த்தாள்.

"கடலமுட்டாயா? நேத்து வெறுங்கையோட வந்துட்டேன்னு எம்புட்டு வருத்தப்பட்ட. இதுக்காகவா திரும்பி வந்த?"

"பிள்ள எங்க?"

"பள்ளிக்கூடம் போயிருக்கா. நேத்து பூராம் ஒன்ன விடலியே அவ. வேணி வேணின்னு நீயும் கொஞ்சிக்கிட்டே கெடந்த. ஒன் மடியிலயே தூங்கிட்டா. முழிச்சிருவான்னு நீ ரெண்டு மணி நேரம் கால அசைக்கல."

நாச்சியார் உட்காரப் போனாள். இடது கால் மரத்துப்போயிருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு உதறினாள். வேணியின் முகம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது.

இசக்கியின் குரலில் ஒன்பது வருஷமாக ஏதோ ஒன்று அடைத்துக்கொண்டிருந்தது. நாச்சியார் அதைப் போனில் கேட்டுப் பழகியிருந்தாள். இப்போது அது இல்லை. யாரோ அதை எடுத்துவிட்டிருந்தார்கள். சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். நாச்சியாருக்குத் தன் பொருளைப் பக்கத்து வீட்டுக்காரி எடுத்துக்கொண்டு போன மாதிரி இருந்தது.

பழகி வைத்திருந்த வரியைச் சொன்னாள். "அன்னைக்கு நான் வராதது தப்புதான் இசக்கி."

"அதெல்லாம் நேத்தே பேசி முடிஞ்சிட்டேக்கா."

"நான் இல்லாம எப்பிடி முடியும்?"

"நீ இருந்தியே."

"நான் என்ன சொன்னேன்?"

"ஒன் வாயால சொன்னதுதான். எங்கிட்டப் போய்க் கேக்கியே."

"எனக்குத் தெரியாது இசக்கி. நான் நேத்து டிக்கெட்டு எடுத்துட்டேன். பாதி வெலைன்னு எடுத்துட்டேன்."

இசக்கி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். கோபப்படவில்லை. டிக்கெட்டைப் பற்றி அவளுக்கும் தெரிந்திருக்கும் போலிருந்தது. இந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான் அது.

"ரெண்டு மணிக்கு எனக்கு ஷிஃப்ட்டுக்கா" என்றாள். ஒரு பெரிய ஓட்டலில் படுக்கை விரிப்புகளை இஸ்திரி போடுவது அவள் வேலை. "ஒரு மணி நேரந்தான் இருக்கு. சரி, அந்தப் பக்கம் உக்காரு. நான் இந்தப் பக்கம் உக்காந்துக்கிடுதேன். நேத்து நீ இங்கனதான் இருந்த. நான் நீயா இருக்கேன். நீ நானா இரு."

இருவரும் இடம் மாறி உட்கார்ந்தார்கள். இசக்கி முந்தானை நுனியை எடுத்து விரலில் சுற்றினாள். அது நாச்சியாரின் பழக்கம். சுற்றிச் சுற்றிப் பிரித்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு பேசினாள். குரல்கூட நாச்சியாரின் குரலாகத்தான் வந்தது.

"ஏட்டி இசக்கி, டிக்கெட்டு வெல ஏறலட்டி. எம்புட்டுன்னு நான் கேக்கவே இல்ல. ஸ்டேஷன் பக்கமே போகல. பணம் பீரோல இருந்துச்சு."

இசக்கி முந்தானை நுனியை மறுபடி சுற்றினாள்.

"நான் வந்தேன்னா நீ கைப்பிள்ளையத் தூக்கிக்கிட்டு எம் பின்னாலயே வந்துருவியோன்னு பயந்துட்டேன். ஒரு ரூம ஒனக்கு ஒழிச்சுக் குடுக்கணுமேன்னு இருந்துச்சு."

இசக்கி தலையை நிமிர்த்தி, தன் சொந்தக் குரலில் சொன்னாள். "இந்த எடத்துல நான் ஒன்னு கேட்டேன். 'அந்த ரூம்ல என்னக்கா இருக்கு'ன்னு கேட்டேன். கேளு."

"அந்த ரூம்ல என்னக்கா இருக்கு?" என்று கேட்டாள் நாச்சியார்.

இசக்கி மறுபடி தலையைக் குனிந்துகொண்டாள். "ஒன்னும் இல்லட்டி. சும்மாதான் கெடக்கு. காலையில காத்து வரட்டும்னு ஜன்னலத் தெறப்பேன். சாயந்திரம் சாத்துவேன்."

இதை நாச்சியார் யாரிடமும் சொன்னதில்லை. தனக்குத்தானேகூடச் சொல்லிக்கொண்டதில்லை. டிக்கெட் விலை ஏறியதாகத்தான் அவளே நம்பிக்கொண்டிருந்தாள். ஆனால் இசக்கி சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. ஜன்னல் உட்பட.

"இதுக்கப்புறம் நீ ரொம்ப நேரம் அழுத. அத விட்டுருவோம், நேரமில்ல" என்றாள் இசக்கி. "இப்ப நீ 'போட்டும்க்கா'ன்னு சொல்லணும். நான் அப்பிடித்தான் சொன்னேன். அம்புட்டுதான். அதோட முடிஞ்சிட்டு."

நாச்சியார் வாயைத் திறந்தாள்.

எதிரே முந்தானையைச் சுற்றிக்கொண்டு ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். இசக்கியின் இடத்தில் இருந்து அவளைப் பார்த்தாள் நாச்சியார். நாலு மாதப் பிள்ளை மடியில் கிடக்கிறது. வெளியே பூல்பாண்டியின் பாடையைச் சுற்றி ஆட்கள் காத்துக்கொண்டிருக்கிறார்கள். அக்கா வரட்டும், வந்தபிறகு எடுக்கலாம் என்று யாரோ சொல்கிறார்கள். போன் அடிக்கிறது. டிக்கெட்டு வெல ஏறிக் கெடக்கு.

"சொல்லுக்கா."

"வரமாட்டேங்கு இசக்கி."

"நேத்து எனக்கு டக்குனு வந்துட்டு."

"ஒனக்கு எப்பிடி வந்துச்சு?"

இசக்கி யோசித்தாள். "தெரியலியே. ஒன்னப் பாக்கப் பாவமா இருந்துச்சு."

நாச்சியார் இன்னொரு தடவை எதிரே பார்த்தாள். அவளுக்குப் பாவமாக இல்லை.

"நீயே இன்னொரு மட்டம் சொல்லிரு இசக்கி. நான் கேட்டுக்கிடுதேன். காதால கேட்டுட்டுப் போயிருதேன்."

"நேத்து சொல்லிட்டேனேக்கா. மறுபடி சொன்னா சும்மா சொல்லுத மாதிரி இருக்கும்" என்றாள் இசக்கி. மனசார வருத்தப்பட்டுத்தான் சொன்னாள். எழுந்து முகம் கழுவி, செருப்பை மாட்டிக்கொண்டாள். கதவைப் பூட்டும்போது, "ஒடம்பப் பாத்துக்கோக்கா. போன் பண்ணு" என்றாள். நேற்று சொன்னதைத் திருப்பிச் சொல்வது போலவே அது இருந்தது. படியில் அவள் இறங்கும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது.

நாச்சியார் ஸ்டேஷனுக்குத் திரும்பி வந்தாள். நகரத்தை விட்டு வெளியே போகிறவர்கள் ஒரு கண்ணாடிக் கவுண்டரில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போக வேண்டும். கவுண்டரில் இருந்த பெண் அவள் டிக்கெட்டை வாங்கிக்கொண்டு, கட்டிலிருந்து ஒரு படிவத்தை உருவி நீட்டினாள். அது நிரப்பப்பட்டிருந்தது. பெயர், ஊர், வேலை எல்லாம் நாச்சியாரின் உருண்டை எழுத்தில் இருந்தன. கடைசியில் ஒரு கேள்வி. வந்த காரியம் முடிந்ததா? அதற்கு நேரே 'ஆம்' என்று எழுதியிருந்தது.

"நேத்தே எழுதிக் குடுத்துட்டீங்க. ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க. ரயில் நிக்குது" என்றாள் அந்தப் பெண்.

நாச்சியார் பேனாவை எடுத்தாள். அந்த 'ஆம்' என்ற எழுத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அதை எழுதியவள் மடியில் பிள்ளையைப் போட்டுக்கொண்டு இரண்டு மணி நேரம் இருந்தவள். உண்மையைச் சொல்லி அழுதவள். போட்டும் என்று தங்கை சொல்லக் கேட்டவள். பாதி விலையில் அவள் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

"இத மாத்தணும்."

"நேத்து எழுதுனத இன்னைக்கு மாத்துறதுன்னா திருத்தக் கட்டணம் உண்டு."

"எவ்வளவு?"

அந்தப் பெண் சொன்னாள். அந்தப் பணத்துக்கு இன்றைய டிக்கெட் மூன்று எடுக்கலாம். நாச்சியார் பர்ஸைத் திறந்து, இருந்ததையெல்லாம் எடுத்துக் கவுண்டரில் வைத்தாள். சரியாக இருந்தது. பேரம் பேசவில்லை. 'ஆம்' என்பதை அடித்துவிட்டு 'இல்லை' என்று எழுதினாள்.

அந்தப் பெண் அதை இரண்டு முறை படித்தாள்.

"அப்ப நீங்க வெளிய போக முடியாதே. காரியம் முடிஞ்சவங்கதான் போகலாம்."

"சரி."

"திரும்பிப் போற டிக்கெட்டும் செல்லாது."

"சரி."

"எத்தன நாளாகும்னு தெரியாது. சில பேருக்கு ரொம்ப நாளாகுது."

"சரிம்மா" என்றாள் நாச்சியார்.

அந்தப் பெண் படிவத்தில் இன்றைய தேதியைக் குத்தி உள்ளே வைத்துக்கொண்டாள். வெளியே ரயில் கிளம்பிப் போனது.

நாச்சியார் மறுபடியும் மூன்றாம் மாடிக்கு ஏறினாள். கதவு பூட்டிக் கிடந்தது. எதிர்வீட்டுப் பெரியவர் உள்ளே போய்விட்டிருந்தார். வாசல்படியில் உட்கார்ந்துகொண்டாள். நாலரை மணிக்குப் பள்ளிக்கூடப் பையோடு ஒரு பெண்பிள்ளை படியேறி வந்தது. பூல்பாண்டியின் நெற்றி. அது நாச்சியாரைப் பார்த்துச் சிரிக்கப் போய், பாதியில் நிறுத்திக்கொண்டது. பக்கத்தில் வந்து குனிந்து முகத்தைப் பார்த்தது.

"நீங்க நேத்து வந்த பெரியம்மா இல்ல."

"இல்ல."

"அப்ப நீங்க யாரு?"

"நான் இன்னைக்கு வந்தவ."

"நீங்களும் எங்கம்மாவுக்கு அக்காவா?"

"ஆமா. ஆனா நேத்து வந்தவ அளவுக்கு நல்லவ இல்ல."

வேணி அதை யோசித்துப் பார்த்தாள். பாவாடைப் பையிலிருந்து சாவியை எடுத்துக் காட்டிவிட்டுத் திரும்ப உள்ளே போட்டுக்கொண்டாள்.

"சாவி இருக்கு. ஆனா தெரியாதவங்கள உள்ள விடக் கூடாதுன்னு அம்மா சொல்லியிருக்காங்க."

"அது சரிதான். நீ உள்ள போ. நான் இங்கனயே இருந்துக்கிடுதேன்."

வேணி போகவில்லை. பூட்டிய கதவைப் பார்த்தாள். வாசல்படியைப் பார்த்தாள். பிறகு பையைக் கழற்றி வைத்துவிட்டு, நாச்சியாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். படி சின்னது. நாச்சியாரின் ஒரு பாதி வெளியே இருந்தது. வேணி அதைக் கவனித்துவிட்டுச் சுவர் பக்கமாக நகர்ந்து அவளுக்கு இடம் விட்டாள்.